அடியிலே தட்டுதம்மா!

தையல் மெஷினுக்கு எண்ணெய் விடாமல் ஆறு மாதம் தைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப் போகும் விஷயம் உடனே புரிந்துவிடும். முதலில் மிதி கொஞ்சம் கனக்கும். நமக்குத்தான் காலில் வலுவில்லை என்று நினைத்துக் கொள்வோம். பிறகு ஒரு சத்தம் வரும். தெருவில் ஏதோ சத்தம் என்று சமாதானம் சொல்லிக் கொள்வோம். அப்புறம் ஒரு நாள், நாத்தனார் கல்யாணத்துக்கு நாலு ரவிக்கை பாக்கி இருக்கிற சமயம் பார்த்து, சக்கரம் அசைய மாட்டேன் என்று நின்றுவிடும்.

சென்னைப் பெரம்பூரில் ஒரு வீட்டு மோட்டார் சைக்கிள் இதே காரியத்தைச் செய்தது. அதன் எஞ்சினைக் கடைசித் திருகு வரை பிரித்து, கழுவி, அளந்து, திரும்பப் பூட்டி ஓட வைத்தார்கள். ஏழு வாரம் பிடித்தது. அதில் பாதி நாள் நானும் பட்டறையில் ஒரு மரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். இது ஆண்பிள்ளைகள் சமாசாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த வண்டியை ஓட்டுகிறவர் ஒரு பெண். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

வண்டி அவருடைய தகப்பனாருடையது. 1968-ம் வருஷத்துப் புல்லட், 350 சி.சி. பெரியவர் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து 2006-ல் ஓய்வு பெற்றவர். 1979-ல் இன்னொருவரிடமிருந்து அதை வாங்கினார். அன்று முதல் அந்த வீட்டின் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், காய்ச்சல் கண்ட குழந்தை எல்லாம் அதன் முதுகில்தான் பிரயாணம் செய்திருக்கின்றன. இப்போது அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. பத்து வருஷமாக ஓட்டுவதில்லை. ஆனால் காது மட்டும் வாலிபத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது.

அந்தக் காதுக்குத்தான் முதலில் தெரிந்தது.

மகள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வண்டியை வாசலில் நிறுத்தும்போது, திண்ணையில் இருந்தபடியே அவர் சொன்னார்: "அடியிலே தட்டுதம்மா."

"டாப்பெட் சத்தம்ப்பா. ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்."

"டாப்பெட் மேலே தட்டும். இது அடியிலே."

எஞ்சினில் சத்தத்துக்குப் பல ஜாதி உண்டு. வால்வுகளைத் தள்ளுகிற டாப்பெட் தளர்ந்தால் மேலே 'டிக் டிக்' என்று கைக்கடிகாரம் மாதிரி ஒலிக்கும். அது பெரிய அபாயம் இல்லை. பிஸ்டன் தேய்ந்திருந்தால் காலையில் குளிரில் கொஞ்சம் கலகலக்கும், சூடேறினதும் அடங்கும். ஆனால் 'டொக், டொக்' என்று கனமாக, ஆழத்திலிருந்து, மரக்கதவை யாரோ முஷ்டியால் இடிப்பது போல ஒரு சத்தம் வந்தால், அது பிஸ்டன் தண்டின் கீழ் மூட்டு ஆட்டங்கண்டுவிட்டது என்று அர்த்தம். பட்டறையில் அதற்கு 'பிக் எண்ட்' என்று பெயர். அந்தச் சத்தம் வந்த பிறகு ஓட்டவே கூடாது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. முதல் வாரம் பரீட்சைத் தாள். இரண்டாவது வாரம் ஒரு வளைகாப்பு. மூன்றாவது வாரம் மழை. நாலாவது வாரம் வியாழக்கிழமை சாயங்காலம், பேப்பர் மில்ஸ் சாலையில் வரும்போது எஞ்சின் திடீரென்று இறுகிப் பின் சக்கரமும் சேர்ந்து நின்றுவிட்டது. டீச்சர் கிளச்சைப் பிடித்தார். அதனால் வண்டி வழுக்கிக் கொண்டு போய் ஒரு டீக்கடை ஓரம் நின்றது, அவர் விழவில்லை. நூற்றறுபது கிலோவுக்கு மேல் கனக்கிற வண்டியை இரண்டு கல்லூரிப் பையன்கள் உதவியுடன் வீடு வரை தள்ளி வந்தார்.

பெரியவர் வாசலில் நின்று கொண்டிருந்தார். 'நான் அப்போதே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. "விழலையே?" என்று மட்டும் கேட்டார். டீச்சர் என்னிடம் சொன்னார்: "திட்டியிருந்தா தேவலை."

* * *

அன்றிரவே குடும்ப மகாநாடு கூடிற்று. பெங்களூரில் இருக்கும் பிள்ளை ஃபோனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கு. தாயாரும் அதே கட்சி. நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்த அம்மாள் போடும் வாசல் கோலத்தின் மேல் அந்த வண்டி எண்ணெய் சொட்டி வந்திருக்கிறது. பழைய புல்லட்டுகளுக்கு அது பிறவிக் குணம். "அந்தச் சனியன் போனா என் கோலமாவது சுத்தமா இருக்கும்" என்றார்.

மறுநாள் ஒருவர் இன்னொரு யோசனை சொன்னார். புதுப்பேட்டைக்குப் போனால் பழைய எஞ்சின் ஒன்று முழுசாகவே கிடைக்கும். இதைக் கழற்றிப் போட்டுவிட்டு அதைப் பூட்டிக் கொண்டால் இரண்டே நாளில் வண்டி ஓடும், செலவும் குறைவு.

இந்த இடத்தில் வாசகிகள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வண்டியின் எஞ்சின் நம்பர் கிராங்க் கேஸ் என்கிற அடிப் பெட்டியின் மேல் அடித்திருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் அந்த நம்பர்தான். வேறு எஞ்சினைப் பூட்டினால் அதைப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, அனுமதி வாங்கி, புத்தகத்தில் மாற்ற வேண்டும். பதினைந்து வருஷத்தைத் தாண்டின வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது, நம்பர் ஒத்துப் போகாவிட்டால் தலைவலிதான். அந்த எஞ்சின் யாருடைய வண்டியிலிருந்து எப்படி வந்தது என்பது வேறு பிரச்சினை. டீச்சருக்கு இந்த விவரம் தெரிந்திருந்தது. ஆகவே, "நம்ம எஞ்சினையே பிரிச்சுப் பார்க்கலாம்" என்று தீர்மானித்தார். தீபாவளிக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அதற்குப் போயிற்று.

பிரித்துப் பார்த்தால் மட்டும் போதுமா? ஐம்பது வருஷத்துக்கும் முந்தின எஞ்சினுக்கு இன்று சாமான் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். அதில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது. புல்லட் பிறந்த ஊர் இங்கிலாந்தில் உள்ள ரெடிச். 1950-களில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக நூற்றுக்கணக்கான புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955-ல் ரெடிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்ட் இந்தியா' என்று ஆரம்பித்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்தார்கள். முதலில் பாகங்களைக் கப்பலில் வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்து, எல்லாப் பாகமும் இங்கேயே தயாராயின. 1967-ல் ரெடிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் அந்த மோட்டார் சைக்கிளின் கதையே முடிந்துவிட்டது. தாய் வீடு பூட்டின பிறகும் திருவொற்றியூர்ப் பெண் அதே சமையலை விடாமல் செய்து கொண்டிருந்தாள். 1977-ல் இங்கிலாந்துக்கே இங்கிருந்து வண்டி அனுப்பினார்கள்! அந்தப் பழைய இரும்பு எஞ்சின் பெரிய மாறுதல் இல்லாமல் 2010-ஐ ஒட்டி வரை செய்யப்பட்டு வந்தது. அதனால், 1968-ம் வருஷத்து எஞ்சினுக்கு வேண்டிய சாமான் பெரும்பாலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளிலேயே கிடைத்துவிடுகிறது. கடிகாரத்துக்கோ ரேடியோவுக்கோ இந்த அதிர்ஷ்டம் வாய்த்ததில்லை.

* * *

பட்டறை அயனாவரத்தில் ஒரு சந்தில் இருக்கிறது. மெக்கானிக்குக்கு ஐம்பது வயது இருக்கும். பெரியவரை 'ஐயா' என்பார். மகளை 'டீச்சர்' என்பார். அவர் முதலில் ஸ்பானரை எடுக்கவில்லை. ஒரு பழைய வேஷ்டித் துணியைத்தான் எடுத்தார். ஒரு தகரத்தின் வாயில் அதைக் கட்டி, எஞ்சின் எண்ணெயை அதில் வடியவிட்டார். கறுப்பாக வடிந்து முடிந்ததும் துணியைப் பிரித்து வெயிலில் காட்டினார். ஜரிகையைப் பொடி செய்து தூவினாற் போல் துணி முழுவதும் மினுமினுத்தது.

"எல்லாம் உள்ளே இருந்த உலோகம், டீச்சர்."

பெரியவருக்கு அது கண்ணுக்குத் தெரியவில்லை. துணியை வாங்கி இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "நறநறங்குது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

இந்த எஞ்சினில் ஒரே ஒரு சிலிண்டர். அதன் உள்வாய் 70 மில்லிமீட்டர் அகலம். பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 90 மில்லிமீட்டர். எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், பிஸ்டன் ஒரு விநாடிக்கு ஐம்பது தடவை ஏறி ஐம்பது தடவை இறங்குகிறது. நாம் உலக்கை போடுவதை நினைத்துக் கொள்ளுங்கள். ஆனால் கண் இமைப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு குத்து! இந்த ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது, பிஸ்டனிலிருந்து தொங்கும் கனெக்டிங் ராட் என்கிற தண்டு. தண்டின் மேல் முனை பிஸ்டனைப் பிடித்துக் கொண்டிருக்கும். கீழ் முனைதான் நாம் முன்பு சொன்ன பிக் எண்ட். அது கனத்த இரண்டு இரும்புச் சக்கரங்களுக்கு நடுவே ஒரு பின்னைச் சுற்றிக் கொண்டிருக்கும். பெட்ரோல் வெடிக்கிற அடி முழுவதும் அந்தப் பின்னின் மேல்தான் விழுகிறது.

பழைய புல்லட்டில் தண்டுக்கும் பின்னுக்கும் நடுவில் பந்தோ உருளையோ கிடையாது. 'மிதக்கும் புஷ்' என்று ஒரு வளையம்தான் உண்டு. தண்டோடும் ஒட்டாமல், பின்னோடும் ஒட்டாமல், இரு பக்கமும் எண்ணெய்ப் படலத்தின் மேல் அது மிதந்து சுற்றும். எண்ணெய் போகிற வரைக்கும் ராஜ வாழ்வு. எண்ணெய் நின்றால் சில நிமிஷத்தில் முடிந்தது.

சரி, எண்ணெய் ஏன் நின்றது? தொட்டியில் எண்ணெய் இருந்ததே!

வலப் பக்கத்து மூடியைக் கழற்றினபோது விடை கிடைத்தது. எஞ்சினின் அடிப் பெட்டியிலேயே ஓர் அறையில் எண்ணெய் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பம்ப் அதை இழுத்து, கம்பளித் துணி போன்ற ஃபெல்ட் வடிகட்டி வழியாக மூடியின் உள்துவாரத்துக்கு அனுப்புகிறது. சுழலும் அச்சின் முனையிலும் துவாரம் உண்டு; எண்ணெய் மூடியிலிருந்து அதற்குள் பாய்ந்து பின்னுக்குப் போக வேண்டும். நிற்கிற மூடிக்கும் சுழல்கிற அச்சுக்கும் நடுவே எண்ணெய் ஒழுகாமல் தடுப்பது தக்கையால் ஆன ஒரு சிறு வளையம். சட்டைப் பொத்தானில் பெரிய ரகம் இருக்கிறதே, அவ்வளவுதான் இருக்கும். பிந்தைய நாளில் ரப்பரிலும் செய்தார்கள்.

வடிகட்டி அடிப்பிடித்த அல்வா போல் இருந்தது. தக்கை வளையம் கல்லாக இறுகி, ஒரு பக்கம் துண்டு உடைந்து போயிருந்தது. பம்ப் தன் கடமையைச் செய்து கொண்டுதான் இருந்தது. ஆனால் எண்ணெய் முக்கால்வாசி அந்த உடைப்பு வழியாக வழிந்து, போகாத இடத்துக்குப் போய்விட்டது. முன்பு எப்போதோ இந்த மூடியைத் திறந்தவர் பழைய வளையத்தையே வைத்து மூடியிருக்கிறார்.

மெக்கானிக் அதைச் சுட்டுவிரல் நுனியில் வைத்துக் காட்டினார். "ஒரு காப்பிக் காசு, டீச்சர்."

பிறகு சக்கரங்களைப் பிரித்து எடுத்தபோது, பின் நீலம் பாரித்திருந்தது. எஃகு அளவுக்கு மேல் சூடேறினால் அந்த நிறம் வரும். புஷ் பாதி கரைந்து போயிருந்தது. பிஸ்டனின் பக்கங்களில் பூனை பிறாண்டின மாதிரி கோடு.

* * *

அடுத்த விவாதம் தகப்பனாருக்கும் மகளுக்கும் இடையே நடந்தது. புது பின், புது தண்டு போட வேண்டும் என்பதில் தகராறு இல்லை. நடுவில் என்ன போடுவது? முன்பிருந்த மாதிரி புஷ்ஷா, அல்லது பிற்காலத்தில் வந்த உருளை பேரிங்கா? இரண்டும் இந்த எஞ்சினுக்குப் பொருந்தும்.

"புஷ்ஷுதான் அதுக்குன்னு செஞ்சது. இத்தனை வருஷம் ஓடலையா?" என்றார் பெரியவர்.

"எண்ணெய் போன வரைக்கும் ஓடிச்சுப்பா. உருளைன்னா எண்ணெய் கொஞ்சம் குறைஞ்சாலும் தாங்கும்னு அண்ணன் சொல்றாரு. ஓட்டறது நான்தானே?"

பெரியவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் பட்டறைப் பேச்சே எடுக்கவில்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பழமையை அப்படியே காக்க வேண்டும் என்பதற்கு அவர் சொன்னதும் நியாயம். தினம் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிறவள் தன் உயிரை நினைத்துச் சொன்னதும் நியாயம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்றால், ஓட்டுகிறவர் பக்கம்தான் நான். டீச்சர் உருளைக்கே சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் பெரியவர் தாமாகவே ஆட்டோ பிடித்துப் பட்டறைக்கு வந்துவிட்டார். புதுத் தண்டு பூட்டின சக்கரங்களை மடியில் வைக்கச் சொன்னார். தண்டை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். அந்தத் திசையில் ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது. பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். அதற்குக் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். சுற்றிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். "வேலை சுத்தமா இருக்கு, தம்பி" என்றார். மகள் மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

அந்தச் சக்கர ஜோடியை நேராக்குவது ஒரு நாள் வேலை. இரண்டும் ஒரே அச்சில் சுழல வேண்டும். இரண்டு முனைக்கு நடுவே நிறுத்தி, முள் காட்டுகிற டயல் கேஜை அச்சின் மேல் வைத்துச் சுற்றுவார்கள். முள் ஆடினால், எந்த இடத்தில் ஆடுகிறது என்று குறித்து, செம்புச் சுத்தியால் ஒரு தட்டு. மறுபடி சுற்று. மறுபடி தட்டு. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பட்டறையில் 'தௌ' என்று பெயர். "ரெண்டு தௌவுக்குள்ளே வந்தாத்தான் இதை விடுவேன்" என்று சபதம் செய்து கொண்டு உட்கார்ந்தார் மெக்கானிக். டீ வந்தது, ஆறிற்று, திரும்பிப் போயிற்று. சாயங்காலம் நாலரைக்கு முள் அடங்கிற்று.

சிலிண்டர் லேத் பட்டறைக்குப் போனது. அங்கே முதலில் பிஸ்டனைக் கொண்டு வா என்றார்கள். தையற்காரர் அளவு ரவிக்கை கேட்கிற மாதிரிதான். பிஸ்டனை அளந்து அதற்கேற்பத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும். நடுவில் ஒரு தலைமயிர் கனத்துக்கு இடைவெளி. குறைந்தால் சூட்டில் பிஸ்டன் இறுகும், கூடினால் கலகலக்கும். சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என்று குறுக்கும் நெடுக்குமாக அளந்தார்கள். மேல் பக்கம் அதிகம் தேய்ந்திருந்தது. முன்பே ஒரு முறை இருபது தௌ கடைந்திருந்தார்கள். இப்போது நாற்பதுக்குப் போக வேண்டியதாயிற்று. டீச்சர் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். 70 மில்லிமீட்டர் வாய் 71 ஆகிவிட்டது. ஆகவே 346 சி.சி. எஞ்சின் இப்போது 356 சி.சி. "பத்து சி.சி. லாபம்!" என்று சிரித்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை. இன்னும் எத்தனை தடவை கடைய முடியும் என்று அவர் எண்ணிக் கொண்டிருந்தார்.

அடிப் பெட்டியில் பேரிங்குகளை அடித்து ஏற்றவில்லை. ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக் கொண்ட பித்தளை டம்ளர்களுக்கு நாம் என்ன செய்வோம்? வெளி டம்ளரை வெந்நீரில் வைப்போம் அல்லவா? அதே யுக்திதான். அலுமினியப் பெட்டியைச் சூடாக்கினால் அது எஃகு பேரிங்கைவிட அதிகம் விரிந்து கொடுக்கும். பேரிங் தானாக உள்ளே விழுந்தது. ஆறினதும் பிடித்துக் கொண்டது.

வால்வு தேய்க்கிற வேலையை டீச்சரே செய்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுவதும் அது நடந்தது. வால்வின் ஓரத்தில் நறநறவென்ற பசையைத் தடவி, ரப்பர் குமிழ் வைத்த குச்சியை அதில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மத்து கடைகிற மாதிரி உருட்ட வேண்டும். முதலில் கரகர என்று சத்தம் வரும். தேயத் தேய சத்தம் மெலிந்து வழவழப்பாகும். ஓரம் முழுவதும் ஒரே சாம்பல் நிறக் கோடாக ஆனதும், மேலே கெரஸின் ஊற்றி வைத்தார். கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை.

வண்டியை ரிப்பேருக்குக் கொடுக்கும் வாசகிகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. கழற்றின பழைய சாமானைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். லேத் பட்டறையில் எத்தனை அளவுக்குக் கடைந்தார்கள் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக் கொள்ள மாட்டார். இந்த மெக்கானிக் எல்லாப் பழைய சாமானையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதிக் கொடுத்தார். நீலம் பாரித்த பின்னும் உடைந்த வளையமும் அதற்குள் இருக்கின்றன.

* * *

பூட்டி முடித்த அன்று உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. புது எண்ணெய் ஊற்றி, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, மெக்கானிக்கின் பையன் சும்மாவே உதைத்துக் கொண்டிருந்தான். பம்ப் எண்ணெயை எல்லா இடத்துக்கும் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும் அல்லவா? வலப் பக்கத்து மூடியில் உள்ள சிறு திருகைத் தளர்த்தினார்கள். எண்ணெய் கசிந்து வந்தது. மேலே வால்வுகளுக்குப் போகிற குழாயின் திருகையும் தளர்த்தினார்கள். அங்கேயும் வந்தது. டீச்சர் இரண்டு இடத்தையும் விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பிளக்கைப் பூட்டச் சொன்னார்.

புல்லட்டை உதைப்பது பலத்தால் ஆகிற காரியம் இல்லை. ஹாண்டிலில் டீகம்ப்ரஸர் என்று ஒரு சிறு பிடி உண்டு. அதை இழுத்தால் சிலிண்டரில் அடைபட்ட காற்று வெளியேறும். விளக்குத் தலையில் உள்ள அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக் கொண்டே உதை மிதியை மெதுவாக அமுக்கி, முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்திப் பிடியை விட வேண்டும். மிதியை மேலே கொண்டு வந்து அப்புறம் ஒரே ஒரு முழு உதை. இந்த முறை தெரியாமல் பயில்வான்கள் கணுக்காலைச் சுளுக்கிக் கொண்டதுண்டு. டீச்சர் ஒல்லியானவர். இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்துக் கொண்டது.

தும்... தும்... தும்...

யாரும் பேசவில்லை. எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை வாங்கினார். அதன் நுனியை அடிப் பெட்டியில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கொண்டார். ஒரு நிமிஷம். இடம் மாற்றி வைத்தார். இன்னொரு நிமிஷம்.

"அடியிலே ஒண்ணுமில்லை" என்றார்.

எல்லோரும் நிமிர்ந்தோம். அவர் இன்னும் முடிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை மேலே கொண்டு போனார். "டாப்பெட் ரெண்டு இருக்கு. ஒண்ணு பேசுது. இன்னொண்ணு ஏன் பேசலை?"

டாப்பெட்டை எஞ்சின் நன்றாக ஆறின பிறகுதான் பார்க்க வேண்டும். ஆகவே மறுநாள் காலையில் மூடியைத் திறந்தார்கள். தள்ளுதண்டை இரண்டு விரலால் சுற்றினால் சுலபமாகச் சுற்ற வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. புகை போகும் பக்கத்துத் தண்டு சுற்றவில்லை. இறுக்கமாகப் பூட்டிவிட்டார்கள். அப்படியே விட்டிருந்தால் வால்வு முழுசாக மூடாமல் கருகியிருக்கும். மெக்கானிக் ஒன்றும் பேசாமல் சரி செய்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கிட்டே டயல் கேஜ்தான் சார் இருக்கு" என்றார்.

முதல் 500 கிலோமீட்டருக்கு மணிக்கு 40-ஐத் தாண்டக் கூடாது, ஒரே வேகத்தில் நெடுநேரம் போகக் கூடாது, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது என்று உத்தரவு. புது வளையங்களும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பழகிக் கொள்ள வேண்டுமாம். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் செங்குன்றம் வரை ஓட்டினார். சைக்கிள்காரர்கள் எல்லாம் அவரை முந்திக் கொண்டு போனார்களாம்.

இதற்கிடையே வீட்டில் ஒரு கலவரம். வண்டி வந்து மூன்றாம் நாள் காலையில் அந்த அம்மாள் கோலம் போட வந்தவர், வாசலைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். "எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கீழே இல்லையே! ஊத்தினீங்களா இல்லையா?" என்று கேட்டு எல்லோரையும் எழுப்பிவிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார்கள். தொட்டியில் எண்ணெய் இருந்தது. புதுக் காஸ்கெட்டுகளின் மகிமை. எத்தனை நாளைக்கு என்பது வேறு விஷயம்.

500 கிலோமீட்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் மாற்றும்போது என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளைப் பீங்கான் பூச்சுப் போட்ட ஒரு பழைய பேசினைக் கீழே வைத்து டீச்சர் வடிகால் திருகைத் திறந்தார். பெரியவர் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஜரிகை இருக்கா?"

"இல்லைப்பா. கொஞ்சம் சாம்பலா இருக்கு. மினுக்கம் இல்லை."

அவர் விரலை நீட்டினார். மகள் பேசினை அருகே கொண்டு போனார். தொட்டு, கட்டை விரலால் தேய்த்து, மூக்கருகே வைத்துப் பார்த்துக் கொண்டார்.

"ஃபெல்ட்டு?"

"புதுசு மாத்திட்டேன்."

"அந்த வளையம்?"

"மூடி திறந்தப்ப அதையும் புதுசு போட்டாச்சு. இன்னும் நாலு வாங்கி வச்சிருக்கேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "வாசல்லே சிந்தாம எடுத்துட்டுப் போங்க. இப்பத்தான் கோலம் போட்டிருக்கேன்!"